பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள், வழிகாட்டுங்கள்

உறவுக்காரத் தம்பி ஒருவன் ஏஜென்டுக்குப் பணம் கட்டி, விசா இல்லாமல் எல்லை தாண்டிப் போனான். போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் கடன் என்று ஒரு நோட்டில் ஏற்றுகிறார்கள். உழைக்க உழைக்கக் கடன் கூடுகிறது. போலீஸிடம் போனால் சட்டவிரோதமாக வந்தவன் என்று உள்ளே தள்ளுவார்களோ என்று அஞ்சுகிறான்.

விரும்பித்தானே போனான் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் நெறிமுறைப்படி, ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டினால் அவன் சம்மதம் செல்லாது.

இத்தகைய வழக்கைக் கையாண்ட வழக்கறிஞர்கள் இருக்கிறீர்களா? முதலில் தூதரகத்தை அணுகுவதா, தொண்டு நிறுவனத்தையா? அந்த நோட்டின் படம் சான்றாக நிற்குமா? தனிச்செய்தியில் எழுதுங்கள், அவன் இருக்குமிடத்தைப் பொதுவில் கேட்க வேண்டாம்.