எல்டிஎல்லும் ஃபேட்டி லிவரும் இருந்தால் ஆட்டுப்பாலுக்கு மாறலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 58 வயது. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 162, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 230, ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை). காபி, தயிர் எல்லாம் சேர்த்து தினம் அரை லிட்டர் கறந்த எருமைப்பால். ஆட்டுப்பால் குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
கரையாதுங்க. பாலில் உள்ள கொலஸ்ட்ராலைக் கணக்குப் பார்க்காதீர்கள். எந்தப் பாலானாலும் 100 மில்லிக்கு 10–20 மில்லிகிராம்தான். எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெயில் அதிகம் இருக்கும் வகை). ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ஏற்பிகள் குறைந்து, எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்கும். எருமைப்பாலில் கொழுப்பு சுமார் 7%. அரை லிட்டரில் 35 கிராம். அதில் 22 கிராம் போல நிறைவுற்றது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பே அவ்வளவுதான், பாலிலேயே தீர்ந்துவிட்டது! ஆட்டுப்பால், பசும்பால் இரண்டும் 4% பக்கம். மாறினால் எல்டிஎல் குறையலாம். அது கொழுப்பின் அளவு குறைந்ததால், ஆட்டின் மகிமையால் அல்ல.

கேள்வி கேட்டவர்:
எருமைப்பாலையே காய்ச்சி ஆடை எடுத்துவிட்டால்?

பதில் 2:
எடுக்கலாம். காய்ச்சி, அசைக்காமல் ஆறவிட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் தடித்த ஆடையைக் கரண்டியால் எடுத்து, மீதியைக் கம்பி வடிகட்டியில் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது எடுத்தால் மேல்தோல் மட்டும்தான் வரும். எப்படிச் செய்தாலும் கொஞ்சம் கொழுப்பு பாலிலேயே தங்கும். எருமைப்பாலில் கொழுப்புத் துளிகள் பெரியவை, மேலே ஏறிவிடும். ஆட்டுப்பாலில் சிறியவை, ஆடை சரியாகவே கட்டாது. எடுத்த ஆடையை நெய்யாக உருக்கி அப்பா சோற்றிலேயே ஊற்றினால் எல்லாம் வீண். பல வீடுகளில் நடப்பது அதுதான்.

ஆட்டுப்பாலைப் பச்சையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புருசெல்லா கிருமி வந்தால் கல்லீரலே வீங்கும்.

பதில் 3:
பாக்கெட் பால் என்றால் கணக்கு சுலபம். கொழுப்பு டோன்டில் 3%, டபுள் டோன்டில் 1.5%, ஃபுல் கிரீமில் 6%. டபுள் டோன்டு 300 மில்லி போதும், கொழுப்பு 5 கிராமைத் தாண்டாது. தயிர் நீர்த்துப்போனால் உறை ஊற்றும்முன் பாலைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சுங்கள்.

டிரைகிளிசரைடு 230 என்பதால் பாலைவிடக் காபிச் சர்க்கரையை முதலில் கவனியுங்கள். தடவைக்கு 2 ஸ்பூன், நாளுக்கு 4 காபி என்றால் 40 கிராம். அந்தச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். கல்லீரல் அதை எளிதில் கொழுப்பாக்கிவிடும். பாலை மட்டும் மாற்றி, சர்க்கரையைக் குறைக்காவிட்டால் ஃபேட்டி லிவர் அசையாது. உடல் எடையில் 7–10% குறைந்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே குறையும். 8 வாரம் கழித்து லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), எஸ்ஜிபிடி (கல்லீரல்) பரிசோதனை இரண்டையும் திரும்பப் பாருங்கள். மாத்திரை எழுதியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.