பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லினக்ஸில் திறக்க வழி உண்டா?

ஈசூன் மலர்:
வணக்கம். என் பெரியப்பா சிங்கப்பூர்த் தேக்காவில், கெர்பாவ் சாலைப் பக்கம், சின்ன டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், உள்ளூர்க் கவிஞர்களின் புத்தகம் என்று எல்லாம் அங்கே பக்கம் கட்டி அச்சுக்குப் போகும். அவரே எழுதிய கட்டுரைத் தொகுப்பும் 2001ல் வந்தது. இப்போது 78 வயதில் அதைத் திருத்தி மறுபடி கொண்டுவர ஆசைப்படுகிறார். அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

கோப்புகள் சிடியில் பத்திரமாக இருக்கின்றன. பெயர்கள் பி65 என்று முடிகின்றன. பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5 அசல் சிடி, வரிசை எண் ஒட்டிய உறை, எழுத்துருக்கள் உள்ள இன்னொரு சிடி எல்லாம் கிடைத்துவிட்டன. என்னுடையது கொஞ்சம் பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததும் தம்பி அதில் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாக ஓடுகிறது, திரும்பிப் போக மனமில்லை. லிப்ரே ஆபிஸில் ஒரு கோப்பைத் திறந்தேன். பக்க அமைப்பு வருகிறது, ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. ஒரு கடையில் கேட்டதற்கு, முழுப் புத்தகத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்வதுதான் ஒரே வழி என்றார்கள். உண்மையிலேயே வேறு வழி இல்லையா? பேஜ்மேக்கரை லினக்ஸிலேயே ஓட வைக்க முடியாதா?

ஜூரோங் குமார்:
கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவுங்கள். உரிமத்தோடு பழைய எக்ஸ்பி சிடி வீட்டில் இருந்தால் வேலை சுலபம். இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014லேயே நின்றுவிட்டது.

தேக்கா லலிதா:
மலர், தட்டச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நானும் சிராங்கூன் சாலை அச்சகங்களில் பக்கம் கட்டியவள். இந்தக் கோப்புகள் செத்துவிட்டன என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. உங்கள் கோப்பில் ஒன்றும் கெடவில்லை.

குமார் சொன்ன வழியும் சரிதான், ஆனால் ஒரு முழு விண்டோஸ் வேண்டும். முதலில் வைன் போட்டுப் பாருங்கள், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும் மென்பொருள் அது. பேஜ்மேக்கரில் இருப்பது இன்டெல் வகைச் சிப்புக்கான கட்டளைகள். உங்கள் மடிக்கணினியிலும் அதே வகைச் சிப்தான், ஆகவே அந்தக் கட்டளைகளை மாற்ற வேண்டியதே இல்லை. 'சாளரம் திற', 'இந்த எழுத்துருவில் இந்த எழுத்தை வரை' என்று நிரல் விண்டோஸிடம் கேட்குமே, அந்த இடத்தில் மட்டும் வைன் நின்றுகொண்டு லினக்ஸைக் கொண்டு வேலையை முடித்துக் கொடுக்கிறது. வைன் திட்டம் 1993ல் தொடங்கியது, 1.0 பதிப்பு வெளிவர 2008 ஆகிவிட்டது. அத்தனை வருடப் பொறுமையில் பெரிதும் பயனடைந்தவை இந்த மாதிரிப் பழைய நிரல்கள்தாம்.

நிறுவும்போது 32 பிட் என்று குறிப்பிட்டு, பேஜ்மேக்கருக்கென்றே தனி வைன் அடைவு (ஃபோல்டர்) உருவாக்குங்கள். அந்தக் காலத்து நிரல் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் நிரல் பல நேரம் 16 பிட்டாக இருக்கும். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது, வைன் ஏற்கும். அப்புறம் பெரியப்பாவின் எழுத்துருக்களை அந்த அடைவுக்குள் உள்ள விண்டோஸ் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போடுங்கள். கோப்பைத் திறப்பது அதற்குப் பிறகுதான். எழுத்துரு இல்லாமல் திறந்தால் வேறு எழுத்துரு வைக்கட்டுமா என்று கேட்கும். சம்மதித்துச் சேமித்துவிட்டால் எங்கே எந்த எழுத்துரு இருந்தது என்ற தகவலே போய்விடும். நகல் எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. நீங்கள் சொன்ன அரைப்புள்ளியைப் பார்த்தால் பாமினி வகை எழுத்துருவாகத் தெரிகிறது. அதில் 'அம்மா' என்று அச்சாகும் சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதில் அப்போது ஆளுக்கொரு முறை. 1997ல் நம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு நடந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி தேடித்தான். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி போன்றவர்கள் அதற்காக எவ்வளவு உழைத்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆகவே பேஜ்மேக்கர் திறந்ததும் ஒவ்வொரு ஸ்டோரியையும் (தொடர்ந்து ஓடும் ஒரு உரைப் பகுதி) எழுத்துருத் தகவலோடு சேமிக்கும் ஆர்டிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வெறும் உரையாக எடுக்காதீர்கள். வெறும் உரையில் எழுத்துருப் பெயர் உதிர்ந்துவிடும். நடுவில் வரும் ஆங்கில முகவரி, ஆள் பெயர் எல்லாவற்றையும், எழுத்தை மாற்றும் நிரல் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். ஆர்டிஎஃப் ஆக இருந்தால் பாமினியில் உள்ள பகுதியை மட்டும், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோடுக்கு மாற்றலாம்.

ஈசூன் மலர்:
லலிதா அக்கா, திறந்துவிட்டது! பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்தேன். முதல் அத்தியாயத்தை யுனிகோடில் படித்துப் பார்த்து, அன்றைக்கு விட்டுப்போன ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்து அங்கேயே திருத்தச் சொன்னார்.

இன்னொரு சிக்கல். 1996ல் செய்த ஒரு கவிதைப் புத்தகம் வேறு தமிழ் மென்பொருளில் அடித்தது. கணினியின் பின்னால் பிரிண்டர் மாட்டும் இடத்தில் ஒரு பூட்டுச் செருகினால்தான் அது ஓடுமாம். அந்தப் பூட்டு இப்போது இல்லை. எழுதிய கவிஞரும் காலமாகிவிட்டார்.

தேக்கா லலிதா:
இந்தப் பூட்டை, அதாவது டாங்கிளை, கேட்கும் நிரல்கள் வைனில் பொதுவாக ஓடாது. அந்தப் பூட்டோடு பேசும் பகுதி விண்டோஸின் உள்ளே போய் உட்காருவது, வைன் அதுவரை போவதில்லை. ஆனால் உங்களுக்கு அந்த மென்பொருள் எதற்கு? அது விசைப்பலகைக்குத்தான், தட்டச்சு செய்ய. படிப்பதற்கு எழுத்துருக் கோப்பு இருந்தாலே போதும். பெரியப்பாவின் சிடியில் டிடிஎஃப் என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள்.

யுனிகோடுக்கு மாற்றும் நிரல் கிடைக்காத எழுத்துரு என்றால் நாமே அட்டவணை போடலாம். 32 முதல் 255 வரை உள்ள எல்லாக் குறிகளையும் அந்த எழுத்துருவில் ஒரு தாளில் அச்சிட்டு, எதிரே எந்தத் தமிழ் எழுத்து என்று பெரியப்பாவையே எழுதச் சொல்லுங்கள். அவர் கைக்கு அது மறந்திருக்காது.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யுனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால். மூன்று குறிகள் சேர்ந்து வருவதை முதலில் மாற்றுங்கள், அப்புறம் இரண்டு, தனிக்குறிகள் கடைசியில். தலைகீழாகச் செய்தால் 'கொ' எல்லாம் 'கெ'யும் தனிக் காலுமாகப் பிரிந்துவிடும். முடிந்ததும் அச்சுப் பிரதியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். வீட்டில் இல்லையென்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தேடிப் பாருங்கள். இங்கே வெளியான நூல்களைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அட்டவணை தயாரானதும் இங்கே போடுங்கள், மாற்றும் நிரலை நான் எழுதித் தருகிறேன்.