மறுமொழி: ‘குடாப் பெருக்கம்’ வேண்டாமே

வணக்கம்.

மேல்தாடையில் செயற்கைப் பல் பொருத்த என்பு போதாதபோது செய்யும் ‘சைனஸ் ஆக்மென்டேசன்’ என்ற சத்திரசிகிச்சைக்குக் ‘குடாப் பெருக்கம்’ என்று சென்ற கிழமை இங்கே ஒரு தமிழ்ச்சொல் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பதற்கு நேர் எதிரானதை அல்லவா சொல்கிறது?

மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சில வருடம் சும்மா இருந்தால், என்பு இரண்டு பக்கத்தாலும் குறையும். கீழே பல் இருந்த விளிம்பு தேயும். மேலே காற்றுக்குடா, அதாவது ‘சைனஸ்’ என்கிற காற்று நிறைந்த பொந்து, கீழ்நோக்கி இறங்கும். நடுவில் மூன்று, நான்கு மில்லிமீற்றர் மிஞ்சினால் செயற்கைப் பல்லைத் தாங்கும் டைட்டேனியத் திருகாணி எதைப் பிடித்து நிற்பது? அதனால் தாடையின் பக்கச் சுவரில் சின்ன யன்னல் வெட்டி, குடாவின் உட்சவ்வைக் கிழியாமல் மேலே தள்ளி, அடியில் கிடைக்கும் இடத்தில் என்புத்துகளை வைக்கிறார்கள். முடிவில் குடா சிறுக்கிறது, பெருகுவது என்புதான். ‘குடாத்தள உயர்த்தல்’ என்போம். 1980 இல் பொய்ன், ஜேம்ஸ் என்ற இரண்டு பல் வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பும் குடாவின் தளத்தைத்தான் சொன்னது.

‘சைனஸ்’ என்றே விடலாம் என்பவர்களுக்கு: என் பெரியம்மா ஆரையம்பதியில் இருக்கிறார். “சைனஸைத் தூக்க வேணும்” என்று பல் வைத்தியர் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்து, “எனக்குப் பீனிசம் இல்லையே மனே” என்றார். சைனஸ் என்றால் அவருக்கு மூக்கில் வரும் அந்த வருத்தம்தான்.

அடுத்தது, இப்படி என்புத்துகள் வைப்பதற்குச் சொல்லும் ‘என்பு ஒட்டு’. ஒட்டுமாவில் வைத்த கிளை உயிரோடு இருந்து, தானே தழைத்துக் காய்க்கும். தாடைக்குள் வைக்கும் துகள் பெரும்பாலும் உயிரற்றது. கட்டடச் சாரம் மாதிரி நின்று, நம்முடைய சொந்த என்பு உள்ளே வளர இடம் கொடுக்கும். அதற்கு நான்கு முதல் ஒன்பது மாதம் பிடிக்கும். “ஒட்டினா மறுகா கழண்டு விழாதா?” என்று பெரியம்மா கேட்டதில் பிழை இல்லை, பிழை சொல்லில்தான். வாவிக்கரையில் பள்ளமான வளவு வாங்கியவர் உடனே அத்திவாரம் போடமாட்டார். கிரவல் கொட்டி நிரவி, ஒரு மாரி போகட்டும் என்று விடுவார். ஆகவே ‘என்பு நிரவல்’.

துகள் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் சொல் வேண்டும். சொந்த உடம்பிலிருந்து எடுத்தால் தன்னென்பு, இன்னொரு மனிதருடையது பிறரென்பு, ஆய்வுகூடத்தில் செய்தது செயற்கை என்பு. விலங்கிலிருந்து வருவதற்குச் சென்னை நண்பர் ‘அயலென்பு’ என்றார். ஐயா, எங்கள் பக்கம் அயல் என்றால் பக்கத்து வீடு! வேடிக்கை கிடக்கட்டும், அந்தச் சொல் விசயத்தை மறைக்கிறது. அது பெரும்பாலும் மாட்டென்பு, பன்றியென்பிலிருந்து செய்வதும் உண்டு. சைவர்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் இடத்தில், கையெழுத்து வைக்கும் முன் இது விளங்கவேண்டும். ‘விலங்கென்பு’ என்று பச்சையாகவே சொல்வோம்.

* * *

அண்ணன், கல்முனையிலிருந்து எழுதுகிறேன். பல் வைத்தியம் என் தொழில்.

குடாத்தள உயர்த்தலுக்கு நான் சம்மதம். யன்னல் வெட்டாமல், திருகாணிக்கான துளை வழியாகவே தட்டித் தளத்தை உயர்த்தும் முறையும் இருக்கிறது. சமர்ஸ் என்ற பல் வைத்தியர் 1994 இல் எழுதியது. அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

நிரவல் எல்லா இடத்துக்கும் சரிவராது. சில நேரம் நாடியிலிருந்தோ இடுப்பிலிருந்தோ என்பைத் துண்டாக எடுத்து, மெலிந்த தாடையின்மேல் திருகி இறுக்குகிறோம். அங்கே நிரவ எதுவும் இல்லை, அது ஒட்டுத்தான். துகளுக்கு நிரவல், துண்டுக்கு ஒட்டு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே.

ஒரு மாரி உவமையிலும் சின்னத் திருத்தம். தன்னென்பு சீக்கிரம் கரைந்து புது என்பாகும். மாட்டென்புத் துகளோ பல வருடம் அப்படியே கிடக்கும், உங்கள் கிரவலைப் போல.

சம்மதப் படிவத்தில் இதுவரை ‘என்புப் பதிலீட்டுப் பொருள்’ என்றுதான் போட்டிருந்தேன். நாளைக்கே ‘விலங்கென்பு (மாடு)’ என்று மாற்றுகிறேன்.