வாக்களிக்காதவருக்கு அபராதம் விதிக்கலாமா?

நெடுவழி:
விதிக்கலாம் என்பதே என் கருத்து. ஆஸ்திரேலியாவில் 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. 1924இல் வாக்களிப்பு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது, மறு ஆண்டே 91 விழுக்காட்டினர் வாக்களித்தனர். வரி கட்டுவது கட்டாயம் என்பதை ஏற்றுக்கொண்ட நாம், அந்த வரிப்பணத்தைச் செலவிடப்போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது முரண் அல்லவா?

தனிக்குரல்:
முரண் இல்லை. பேச்சுரிமையில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும். வாக்குரிமைக்கும் அதுவே பொருந்தும். நெதர்லாந்து 1917 முதல் நடைமுறையில் இருந்த கட்டாயத்தை 1970இல் கைவிட்டது. அதனால் அங்கு மக்களாட்சி குலைந்துவிடவில்லை. மேலும், அபராதத்துக்கு அஞ்சி வருபவர் எப்படி வாக்களிப்பார்? வேட்பாளர்களைப் பற்றி எதுவும் அறியாமல், வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டிய வாக்குச்சீட்டில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எண்ணிட்டுவிட்டுப் போகும் வழக்கம் நீங்கள் போற்றும் ஆஸ்திரேலியாவிலேயே உண்டு. அதனால்தான் அங்கே பெயர்களின் வரிசையைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள்.

நெடுவழி:
அப்படிப்பட்டவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் சிலி நாட்டைப் பாருங்கள். புதிய அரசமைப்பு வேண்டுமா என்று 2020இல் கேட்டபோது வாக்களிப்பு கட்டாயமில்லை. ஏறத்தாழ பாதிப் பேரே வந்தனர், பெரும்பான்மை 'வேண்டும்' என்றது. எழுதி முடித்த வரைவை 2022இல் கட்டாய வாக்கெடுப்புக்கு விட்டபோது 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வந்து, அதைத் தெளிவாக நிராகரித்தனர். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். வராதிருந்தவர்களுக்குக் கருத்தே இல்லை என்று மட்டும் இனி சொல்ல முடியாது. யாரையும் பிடிக்காதவர் வெற்றுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடலாம். வாக்கு இரகசியமானது என்பதால் அதை எவரும் கண்டறிய இயலாது.

தனிக்குரல்:
சிலியின் சான்றை ஏற்கிறேன். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்தால் அன்றைய அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவருக்கும் வசதியானவருக்கும் ஒரே அபராதம் என்பது நீதியாகாது. விடுமுறை நாளில் தேர்தல், அஞ்சல் வாக்கு, நடந்து செல்லும் தொலைவில் வாக்குச்சாவடி ஆகியவற்றை அரசு முதலில் உறுதிசெய்யட்டும். தன் பங்கைச் செய்யாத அரசுக்குக் குடிமகனிடம் அபராதம் கேட்கும் தகுதி கிடையாது.

நெடுவழி:
அந்த வரிசையை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவை அத்தனையும் கிடைத்த பிறகும் வராதவரிடம் காரணம் கேட்கலாமா, கூடாதா?

தனிக்குரல்:
கேட்கலாம். பணம் கேட்கக் கூடாது.