வேலூர் – நியூயார்க்: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம்?

காட்பாடிக்காரன்:
அம்மாவைத் துபாய் வழியா நியூயார்க் அனுப்பறோம். டிக்கெட்ல ஜனவரி 12, சென்னை 03:50, துபாய் 06:35. அங்கிருந்து 08:30, ஜேஎஃப்கே (நியூயார்க் விமான நிலையம்) 13:55, அதே தேதி. கழிச்சுப் பார்த்தா பத்து மணி நேரம்தான் வருது. சரியா? தூரம் எவ்வளவு? வேலூர்ல எப்போ கிளம்பணும்?

சத்துவாச்சாரி:
பத்து இல்லைங்க, இருபதரை. டிக்கெட்ல போட்டிருக்கிறது அந்தந்த ஊர் நேரம். எல்லாத்தையும் இந்திய நேரத்துக்கு மாத்திட்டுக் கழிங்க. குளிர்காலத்துல நியூயார்க் நமக்கு 10½ மணி நேரம் பின்னாடி. அங்கே 13:55னா இங்கே 13ஆம் தேதி பிறந்து 00:25. ஆக மொத்தம் 20 மணி 35 நிமிஷம். துபாய் நமக்கு 1½ மணி பின்னாடி. அதனால முதல் விமானம் 4:15, காத்திருப்பு 1:55, அடுத்த விமானம் 14:25. மார்ச் இரண்டாம் ஞாயிறுலேர்ந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வெச்சிருப்பாங்க. அப்போ வித்தியாசம் 9½தான்.

பாலாறு:
சென்னை–நியூயார்க் மிகக் குறுகிய வான்வழி சுமார் 13,480 கி.மீ. சுவர் மேப்பில் கோடு போட்டுப் பார்க்காதீங்க, ஏமாத்தும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடிச்சா, அது சென்னையிலிருந்து வடக்கு-வடமேற்கா ஏறி ஆர்க்டிக் வட்டத்தையே தாண்டிட்டுத்தான் இறங்கும். துபாய் வழியா 2,930 + 11,000 கி.மீ.; கூடுதல் சுமார் 450 கி.மீ.தான். அதனால துபாய் சுத்துவழின்னு நினைக்க வேண்டாம், நேரத்தைத் தின்பது காத்திருப்புதான்.

திரும்பி வரும்போது நியூயார்க்–துபாய் ஒண்ணு ஒன்றரை மணி குறையும். பத்து கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா வீசும் காத்து போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளும். குளிர்காலத்துல அதோட வேகம் இன்னும் அதிகம்.

சத்துவாச்சாரி:
முக்கியமானதைச் சொல்லிடறேன். 12ஆம் தேதி 03:50ன்னா 11ஆம் தேதி ராத்திரியே கிளம்பணும். 12ஆம் தேதி ராத்திரின்னு நினைச்சு மறுநாள் போய் நிக்கிறவங்க நிறைய. மூணு மணி நேரம் முன்னாடி, அதாவது 00:50க்கு மீனம்பாக்கத்துல இருக்கணும். கார்ல மூணு மணி நேரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி நெரிசலுக்கு அரை மணி. 11ஆம் தேதி ராத்திரி 9:15 தாண்டக் கூடாது. ரயில்னா காட்பாடி–சென்ட்ரல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து மெட்ரோ. ஆனா மெட்ரோ 11 மணியை ஒட்டி நின்னுடும், சாயங்கால ரயிலையே பிடிங்க.

இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஒரே பிஎன்ஆர்னா முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாத்தித் தர வேண்டியது விமானக் கம்பெனி பொறுப்பு. பெட்டியையும் சென்னையிலேயே ஜேஎஃப்கே வரைக்கும் டேக் போட்டுக் கொடுப்பாங்க. தனித்தனி டிக்கெட்னா 1:55 போதவே போதாது. அம்மாவுக்கு நடக்கக் கஷ்டம்னா வீல்சேரை இரண்டு நாள் முன்னாடியே போன்ல பதிவு பண்ணிடுங்க. மாத்திரையும், போய்த் தங்கற வீட்டு விலாசமும் கைப்பையில இருக்கட்டும்.