டயாலிசிஸ் தொடங்கியாச்சு, கையில ரெண்டு டயட் சீட்டு. எதைப் பார்த்துச் சமைக்கணும்?

களியக்காவிளை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மைக்கு 63 வயசு, எடை 50 கிலோ, சுகர் பல வருஷமா உண்டு. நாலு மாசம் முன்னால கிரியாட்டினின் (கிட்னி பழுதானா ரத்தத்துல ஏறுற கழிவு) கூடிப் போச்சுன்னு கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். அன்னைக்குத் தந்த சீட்டுல பருப்பு, மீன், முட்டை எல்லாம் குறைக்கணும்னு இருந்துது. போன மாசம் டயாலிசிஸ் தொடங்கிட்டாங்க, செவ்வாயும் வெள்ளியும். இப்போ தந்த சீட்டுல தினமும் முட்டை வெள்ளை, மீன் கொடுக்கணும்னு போட்டிருக்கு. ரெண்டும் மலையாளம். நான் தமிழ் மீடியம், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். விவரம் கேட்டப்போ, "எல்லாம் அதுல எழுதியிருக்கு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) இல்லாம அம்மைக்கு ஒரு நாள் போகாது. இப்போ சோத்தைப் பார்த்தாலே அழுறா. வீட்டுல யாராவது இந்த நோய்க்குச் சமைச்சிருந்தா சொல்லுங்க.

பாறசாலை தம்பி:
அக்கா, எங்க சித்தப்பாவுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம். கல்லு கரையும், கிட்னிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. இளநீரும் கொடுங்க, சூடு தணியும். சாதா உப்புக்குப் பதிலா இந்துப்பு போட்டா பிரச்சினை இல்ல.

மேல்புறத்து அக்கா:
மகளே, முதல்ல அந்த இளநீரைக் கொடுக்காதே. தம்பி நல்ல மனசோடதான் சொல்லுறான், கல்லு இருக்கவங்களுக்கு அது ஒத்து வரலாம். டயாலிசிஸ் பண்ணுறவங்க கதை வேற. கிட்னி வேலை செய்யாட்டி பொட்டாசியம் வெளிய போக வழியில்ல, ரத்தத்துலயே தங்கிடும். இளநீர், ஏத்தன்பழம், சக்கைப்பழம் (பலா), வாழைத்தண்டு எல்லாத்துலயும் அது கூடுதல்.

எங்க வீட்டுக்காரருக்கு நாலு வருஷம் நான்தான் சமைச்சேன். ஒரு பங்குனி மாசம், நல்ல வெயில். பார்க்க வந்த சொந்தக்காரங்க மூணு இளநீர் கொண்டு வந்தாங்க. நான் கடைக்குப் போயிருந்த நேரத்துல ரெண்டைக் குடிச்சிட்டார். ராத்திரி கட்டில்ல இருந்து எழும்ப முடியல, கால் ரெண்டும் துவண்டு போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொட்டாசியம் 7.3. அது 5-க்குள்ள இருக்கணும். ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு கால்சியம் ஊசி போட்டாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு டயாலிசிஸ் பண்ணித்தான் ஆளை மீட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு யார் என்ன கொண்டு வந்தாலும் முதல்ல என் கையில தரணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். சிலருக்கு வருத்தம்தான், பரவாயில்ல.

இனி உன் ரெண்டு சீட்டு. ரெண்டும் தப்பில்ல, காலம்தான் வேற. டயாலிசிஸுக்கு முன்னால புரதம் குறைச்சாத்தான் கிட்னிக்குச் சுமை குறையும், அப்போ உடம்பு எடையில கிலோவுக்கு நாளைக்கு 0.6-ல இருந்து 0.8 கிராம் வரைதான். டயாலிசிஸ் தொடங்கினதும் மிஷின்ல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதம் கழிஞ்சு போகும், அதனால கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேணும். அம்மைக்கு 50 கிலோன்னா நாளைக்கு 50-60 கிராம். ஒரு முட்டை வெள்ளையில ஏறக்குறைய மூணரை கிராம்தான் இருக்கு, அப்போ மீனும் கோழியும் வேணும்தானே? பழைய சீட்டை இன்னைக்கே எடுத்து மாத்து. நிறைய பேர் பயந்து அதையே பிடிச்சுக்கிட்டு ஆளை எலும்பும் தோலுமா ஆக்கிடுறாங்க, அதைப் பார்த்தா எனக்கு நெஞ்சு பொறுக்காது.

சீட்டுல "ஒழிவாக்குக"ன்னு இருந்தா தவிர்க்கணும், "குறய்க்குக"ன்னா குறைக்கணும், "வெள்ளம் ஊற்றிக்களயுக"ன்னா தண்ணிய வடிச்சுக் கொட்டணும். இந்த மூணு சொல் தெரிஞ்சா பாதி சீட்டு புரிஞ்சிடும்.

மரச்சீனிக்கு நம்ம அம்மைமார் கட்டு, அதாவது அதுல உள்ள விஷச்சத்து, போறதுக்காக வேகவச்ச வெள்ளத்தைக் கொட்டுவாங்கல்லியா, அதேதான் இதுக்கும். சும்மா ஊறப்போட்டா பெருசாப் போகாது, வேகவச்சு வடிக்கணும். உருளைக்கிழங்குல பரிசோதிச்சுப் பார்த்ததுல, துண்டா நறுக்கி வேகவச்சா பொட்டாசியம் பாதியும், துருவி வேகவச்சா முக்கால் பங்கும் குறைஞ்சிருக்கு. நான் மரச்சீனியைச் சுண்டுவிரல் பருமனுக்கு நறுக்கி, நிறைய வெள்ளத்துல பாதி வேகவச்சு ஊத்திட்டு, வேற சூடு வெள்ளம் விட்டு மறுபடி வேகவச்சு வடிப்பேன். அதுல அரை கிண்ணம், வாரம் ஒரு தடவை, மீன்கறி கூட. ரத்த ரிப்போர்ட் நல்லா இருந்த வாரம் மட்டும், டயட்டீஷியன் கிட்ட கேட்டுத்தான். அவர் அதைச் சாப்பிடும்போது முகத்தைப் பார்க்கணும்.

உப்புக்கு ஒரு வழி சொல்லுறேன். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் தட்டி. காலையில அதை எங்க மாமியாரோட பழைய குங்குமச் சிமிழ்ல போட்டு வச்சிடுவேன், அவர் பங்குக்கு அதுல இருந்துதான் எடுப்பேன். சாயங்காலம் சிமிழ் காலின்னா ராத்திரி உப்பில்லாமத்தான். கறி கொதிக்கும்போது அவர் பங்கை முதல்லயே தனியா எடுத்து வச்சிட்டு, நல்லமிளகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தூக்கலாப் போடுவேன். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான் தம்பி. 'லோ சோடியம்'னு விக்குற உப்பு அதை விட மோசம், அதுல பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பாங்க.

கருவாடு, பப்படம், ஊறுகாய் வேண்டாம். நெத்திலிய முள்ளோட தின்னா பாஸ்பரஸ் கூடும், பொட்டாசியம் மாதிரி அதுவும் ரத்தத்துல தங்கிடும், அதனால பெரிய மீன் துண்டு கொடு. சிவப்புச் சம்பா அரிசியை விட வெள்ளை அரிசி வடிச்ச சோறு நல்லது. ஊரே நேர்மாறாச் சொல்லும், காதுல வாங்காதே.

ஒரு ஸ்டாஃப் நர்ஸ்:
அக்கா சொன்னது சரி. ரெண்டு சேர்க்கிறேன். சுகர் இறங்கி வேர்த்து நடுங்கினா ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காதீங்க, அதுலயும் பொட்டாசியம் உண்டு. மூணு டீஸ்பூன் சர்க்கரைய கொஞ்சம் தண்ணியில கலக்கிக் கொடுங்க. பாஸ்பரஸ் குறைக்கிற மாத்திரை எழுதியிருந்தா சாப்பாட்டோட சேர்த்துதான் போடணும், ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போட்டா பலன் இல்ல.

இன்னொண்ணு, நம்ம பக்கம் கொலஸ்ட்ராலுக்குன்னு இரும்பன்புளிச் சாறு குடிக்கிற பழக்கம் உண்டு. அதைக் குடிச்சுக் கிட்னி கெட்டுப்போன 10 பேரைப் பற்றி கேரள டாக்டர்கள் 2013-ல எழுதினாங்க, 7 பேருக்கு டயாலிசிஸ் பண்ண வேண்டி வந்தது. நல்ல கிட்னிக்கே அப்படி. அம்மா பக்கமே அது போகக்கூடாது. ஸ்டார் ஃப்ரூட்டும் அப்படியே, கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு அது மூளையைப் பாதிக்கும்.

களியக்காவிளை மகள்:
அக்கா, வாசிச்சு அழுதுட்டேன். நேத்து மைனி கொண்டு வந்த ரெண்டு இளநீர் பிரிட்ஜ்ல இருந்துது, பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டேன். தண்ணி எவ்வளவு கொடுக்கலாம்? கஞ்சியும் கணக்குல வருமா?

மேல்புறத்து அக்கா:
வரும் மகளே. கஞ்சி, கட்டன் சாயா, மோர், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாமே. முந்தின நாள் போன மூத்திர அளவோட 500 மில்லி கூட்டினா வர்றது, அதுதான் எங்களுக்குச் சொன்ன கணக்கு. அந்த அளவு தண்ணிய ஒரு குப்பியில பிடிச்சு வை. கஞ்சி ஒரு கிண்ணம் குடிச்சா அதே கிண்ணத்தால குப்பியில இருந்து எடுத்துச் செடிக்கு ஊத்து, மிச்சம் எவ்வளவுன்னு அம்மைக்கே தெரியும். டயாலிசிஸுக்கு நடுவுல எடை 2 கிலோவுக்கு மேல ஏறினா யூனிட்டுல சொல்லு. செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்ததும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவுன்னு இங்க போடு, அதைப் பார்த்து மரச்சீனி கதையைப் பேசுவோம்.