பி.ஆர். (மக்கள் தொடர்பு) சங்க விருதுக்கு எங்கள் மேடத்தின் பெயரை அனுப்புகிறோம், சான்றாக எதை வைப்பது?

நித்யா_திருச்சி:
வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேடம் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். தொழில் சங்கம் தரும் தனிநபர் விருதுக்கு அவர் பெயரை அனுப்பலாம் என்று நாங்கள் சிலர் முடிவு செய்தோம். படிவத்தைத் திறந்தால், பத்திரிகை நறுக்குகள், டி.வி. பேட்டிகள், ஃபாலோயர் எண்ணிக்கை என்று கேட்டிருக்கிறார்கள். மேடத்தின் பெயர் ஒரு நறுக்கிலும் இருக்காது. பேட்டி கொடுப்பது டாக்டர்கள். இவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்.

2020-ல் கொரோனா வார்டுக்குள் உறவினர்கள் யாரையும் விட முடியவில்லை. மேடம் தினமும் சாயங்காலம் வார்டு நர்ஸ்களிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்டு, அந்தந்தக் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புவார். "அப்பா இன்று அரை இட்லி சாப்பிட்டார். ஆக்சிஜன் அளவு நேற்றைவிடக் குறைவு. டாக்டர் ராத்திரி மறுபடி பார்ப்பார்." நல்ல சேதியை மட்டும் அனுப்பினால் போதுமே என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பத்திரிகைக் குறிப்பு எழுதினாலும் முதலில் வாசல் செக்யூரிட்டி அண்ணனுக்குத்தான் படித்துக் காட்டுவார். அண்ணன் நெற்றியைச் சுருக்கினால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார். நான் தொழில் கற்றுக்கொண்டது இதைப் பார்த்துத்தான்.

இதைத் தேர்வுக்குழுவுக்கு எப்படிக் காட்டுவது? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

பழைய_பிஆர்ஓ:
நித்யாம்மா, ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேர்வுக்குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வேலைக்குத் தரும் விருது வேறு, ஓர் ஆளுக்குத் தரும் விருது வேறு. படிவம் இரண்டையும் குழப்புகிறது, நீங்கள் குழம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் 1947-ல் தொடங்கிய மக்கள் தொடர்புச் சங்கம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'சில்வர் ஆன்வில்' விருது ஒரு குறிப்பிட்ட பணிக்கு, 'கோல்டு ஆன்வில்' விருது ஒருவரின் வாழ்நாள் உழைப்புக்கு. 1982-ல் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு விஷம் கலக்கப்பட்ட டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரையைச் சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று ஊரறிய எச்சரித்தது, கடைகளில் இருந்த சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, நிருபர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுத்தது. மறு ஆண்டு அதற்குக் கிடைத்தது சில்வர் ஆன்வில். பெட்ஸி பிளாங்க் என்ற அம்மையாருக்கு 1977-ல் கிடைத்தது கோல்டு ஆன்வில். 1973-ல் அந்தச் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர். மாணவர்களை இந்தத் தொழிலுக்குள் கைபிடித்து அழைத்து வந்ததற்காக இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

உங்கள் மேடத்துக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம். ஆகவே அவரிடம் தொழில் கற்றவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். அப்புறம் அந்த வாட்ஸ்அப் விஷயத்தை நிதானமாக, முழுசாகச் சொல்லுங்கள். யார் தவித்துக்கொண்டிருந்தார்கள், இவர் என்ன செய்தார், அதனால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன மாறியது? 'அயராத உழைப்பாளி', 'அனைவருக்கும் முன்மாதிரி' என்று எழுதாதீர்கள். எல்லா விண்ணப்பத்திலும் அது இருக்கும், கண் தாண்டிப் போய்விடும். மேலிடம் சொன்னதை அவர் மறுத்த இடம்தான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர்.

கோவை_ஏஜென்சி:
விருது கொடுப்பது யார் என்று பார்த்தீர்களா சிஸ்டர்? இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958 முதல் இருக்கிறது. 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் அது கூட்டிய அகில இந்திய மாநாட்டை வைத்துத்தான் அந்தத் தேதியை தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறோம். அப்படி உறுப்பினர்களும் நடத்தை நெறியும் உள்ள சங்கம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், மேடைக்கு மட்டும் பணம் கட்டுங்கள்' என்று போன் செய்யும் கூட்டமும் இருக்கிறது. எங்கள் ஆபீஸுக்கே அப்படி அழைப்பு வந்தது. விண்ணப்பக் கட்டணம் வாங்குவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் நடுவர்கள் பெயரை வெளியிடாத, ஜெயித்த பிறகு பணம் கேட்கும் விருது மேடத்துக்கு வேண்டாம். அவர் அளவுக்கு நேர்மையான ஆளுக்கு அது அவமரியாதை.

நிருபர்_செந்தில்:
பழைய_பிஆர்ஓ சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் மருத்துவச் செய்தி எழுதுகிறவன் நான். நல்ல பி.ஆர்.ஓ. யார் என்று எங்களைக் கேளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் போனை எடுப்பார். 'எனக்குத் தெரியாது, அரை மணியில் விசாரித்துச் சொல்கிறேன்' என்பார், சொன்னபடியே கூப்பிடுவார். அப்படிப்பட்டவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தர நிருபர்கள் தயங்க மாட்டார்கள். உங்கள் ஊரில் இரண்டு பேரிடம் கடிதம் வாங்குங்கள். நறுக்குக் கட்டைவிட அது பேசும்.

திரைக்குப் பின்னால் நின்றவருக்கு மரியாதை கிடைக்காது என்றும் நினைக்காதீர்கள். 1958-ல் நாடோடி மன்னன் படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை செய்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. எந்தப் படம் எந்த வருஷம், யார் நடித்தது என்று எதைக் கேட்டாலும் தகவலும் போட்டோவும் அவரிடம் இருந்தன. 1991-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நிருபர்கள் அவரைத் தேடிப் போனார்கள் என்றால், தகவல் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான்.

நித்யா_திருச்சி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கோவை சார், விசாரித்தேன். முறையான சங்கம்தான், நடுவர் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. மேடத்திடம் வேலை பழகியவர்களில் இரண்டு பேர் இப்போது வேறு மருத்துவமனைகளில் பிரிவுத் தலைவர்கள். அவர்களும் எழுதித் தருகிறார்களாம். இன்னொரு சந்தேகம். அந்த வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் ஒரு குடும்பத்திடம் இன்னும் இருக்கிறது. அப்படியே இணைக்கலாமா?

பழைய_பிஆர்ஓ:
அப்படியே கூடாதம்மா. நோயாளியின் உடல்நிலை அதில் இருக்கிறது. குடும்பத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதன் பிறகும் பெயர், போன் நம்பர், படுக்கை எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒன்றிரண்டை மட்டும் வையுங்கள். மேடத்திடம் சொல்லிவிட்டீர்களா? அவர் ஒப்புதல் இல்லாமல் அனுப்புவது முறையில்லை.

நித்யா_திருச்சி:
இன்னும் சொல்லவில்லை சார். 'எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்' என்பார், தெரியும். திங்கட்கிழமை மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேட்கிறோம். சரி என்றால் அன்றைக்கே அந்தக் குடும்பத்துக்கும் போன் செய்துவிடுகிறேன்.